வீட்டுச் சாமான் பெட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, அடுக்களைக்குப் போய் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தே எழுதுகிறேன். நீயும் கதவைத் தாழிட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் கால் சுளுக்கு இறங்கிவிட்டது. 'விருந்தாளி' பிடிபட்டதை நீ படித்திருப்பாய், நம் வீட்டில்தான் பிடிபட்டான் என்பதை அம்மா போனில் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். போனில் ஆரம்பித்தால் பாதியில் 'சரி விடுப்பா' என்பாய். இது விடக்கூடிய விஷயம் இல்லை, அதனால் கடிதம்.

பதினோரு வருடத்தில் ஒன்பது பெண்களைக் கொன்றிருக்கிறான், எல்லோரும் தனியாக இருந்தவர்கள். ஒரு வீட்டிலும் பூட்டு உடையவில்லை, அதனால்தான் பத்திரிகைகள் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தன. நீ டியூஷன் முடிந்து வரும்வரை நான் தெருமுனையில் நின்றதும், தோழிகள் சிரிக்கிறார்கள் என்று நீ கோபித்ததும் அவனால்தான். போலீஸ் நாலாயிரம் பேரை விசாரித்தது, கம்பெனி கம்பெனியாக ஊழியர் பட்டியல் வாங்கியது. காகிதமும் பொருளும் எல்லாம் என் ஆவண அறைக்குத்தான் வந்து சேர்ந்தன. அங்கே ஒரு முறை உண்டு, நான் ஏற்படுத்தியது, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. கொலை நடந்த வீட்டில் எடுத்ததை இரண்டாகப் பிரிப்போம். வெளியிலிருந்து வந்த பொருள் என்றால் பட்டியலில் ஏற்றி மற்ற வழக்குகளோடு ஒப்பிடுவோம். வீட்டுக்குச் சொந்தமானது என்றால் 'வீட்டுச் சாமான்' என்று எழுதி, பெட்டியில் போட்டு முத்திரை வைத்துவிடுவோம், அதை யாரும் ஒப்பிடுவதில்லை. இப்படிப் பிரிக்காவிட்டால் கரண்டிக்கு ஒரு ஃபைல் போட வேண்டியிருக்கும். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினோடு இருக்கும் சர்வீஸ் கார்டு வீட்டுச் சாமான். மெஷின் வீட்டுடையது, கார்டு மெஷினுடையது, நான் அப்படித்தான் வகுத்தேன்.

நாலு வருடத்துக்கு முன் உன் சித்தப்பா அந்த வழக்கைக் கையில் எடுத்தான். அதுவரை ஏழு கொலை. அவன் மேல் எனக்கு இருந்த கசப்பு உனக்குத் தெரியும். இருவரும் ஒரே பரீட்சை எழுதினோம், என் நோட்ஸைப் படித்து அவன் எழுதினான், மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். கண் பரிசோதனையில் என்னைத் தள்ளிவிட்டு அவனுக்குச் சீருடை கொடுத்தார்கள். அவன் என் மேஜை முன்னால் வந்து நின்று, 'அண்ணே, அந்த வீட்டுச் சாமான் பெட்டியெல்லாம் ஒருதடவ திறந்து பாத்துடறேன். வர்றவன் வீட்டு மனுஷன் மாதிரி வந்துட்டுப் போறான்ண்ணே' என்றான். நியாயமான பேச்சு, எனக்கு அப்போதே புரிந்தது. ஆனால் என் முறையில் இவன் ஓட்டை கண்டுபிடிப்பதா. உத்தரவு வாங்கி வா என்றேன். வாங்கி வந்தான், தேதி இல்லை என்று திருப்பினேன். மறுபடி ஒரு மனுவோடு வந்து, 'இப்ப அண்ணனா பேசறீங்களா, ஆபீசரா பேசறீங்களா' என்று கேட்டான். அவன் மனுவின் ஓரத்தில் சிவப்பு மையில் 'காரணம் போதாது, அனுமதிக்க இயலாது' என்று எழுதினேன். அதோடு விடாமல், ஆவணங்களில் அத்துமீறுகிறான் என்று மேலே ஒரு புகாரும் அனுப்பினேன். அவனைப் போக்குவரத்துக்கு மாற்றினார்கள். அன்று மாலை நான் கேக் வாங்கி வந்தேன், 'என்னப்பா விசேஷம்' என்று நீ கேட்டாய், சும்மா என்றேன். நீயும் ஒரு துண்டு சாப்பிட்டாய். அதற்குப் பிறகுதான் அந்த நர்ஸ். அடுத்த வருடம் பள்ளி ஆசிரியை.

போன செவ்வாய்க்கிழமை காலை, கால் சுளுக்கினதால் வீட்டில் இருந்தேன். ஃபில்டர் மாற்றுகிறவன் வந்தான். ஐந்து வருடமாக வருகிறானாம், அம்மாவுக்கு அவன் 'தம்பி', நான் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் வந்து போவதால் நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் குடிக்க நொண்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அலமாரிக் கதவின் உட்பக்கம் கார்டு ஒட்டியிருந்தது. தேதிகளுக்கு எதிரே கையெழுத்து இல்லை, எட்டைப் படுக்கவைத்தது போல ஒரு சுழி, அதன் வாலில் ஒரு புள்ளி. அந்தச் சுழியைக் கொலை நடந்த வீட்டுப் புகைப்படத்தில் பார்த்திருக்கிறேன். மெஷினை எல்லாம் எதற்குப் படம் பிடிக்கிறீர்கள் என்று போட்டோகிராபரிடம் சண்டையே போட்டிருக்கிறேன். ஃபில்டர்காரன் முழங்காலில் உட்கார்ந்து குழாயைத் திருகியபடி, திரும்பாமலே, 'பாப்பா வெளியூர்ல தனியாவா சார் இருக்கு' என்று கேட்டான். இல்லை, நாலு பேரோடு இருக்கிறாள் என்றேன். 'அம்மா தனியான்னு சொன்னாங்களே' என்றான்.

சித்தப்பாவின் எண்ணை எப்போதோ அழித்துவிட்டேன், விரல் மறக்கவில்லை. அடுக்களை தெரியும்படி நாற்காலியில் உட்கார்ந்து போட்டேன். நாலு வருடத்தில் அவனிடம் பேசிய முதல் பேச்சு, 'பெட்டியத் திறக்கணும்னியே, அதுல இருக்கறது வீட்ல இருக்கு, இப்பவே வந்து பாரு' என்பதுதான். 'ஆள் பக்கத்துல இருக்கானாண்ணே' என்றான், ஆமாம் என்றேன். 'போக விடாதீங்க, அண்ணிய வெளிய அனுப்பிடுங்க' என்றான். மாடி வீட்டில் வலிக்குத் தடவும் மருந்து வாங்கி வா என்று அம்மாவிடம் சொன்னால், 'கால்தான் சுளுக்கு, வாய் நல்லாத்தான இருக்கு, போன்ல கேளுங்க' என்றாள். அதற்குள் ஃபில்டர்காரன் பையை மூடினான். தண்ணீரில் துரு வாசனை என்றேன். கழற்றிக் கழுவினான். இப்போது பிளாஸ்டிக் வாசனை என்றேன். மறுபடி கழற்றினான். மூன்றாவது தடவை ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து, 'சார் எங்க வேலை பாக்கறீங்க' என்று கேட்டான். எங்கேயோ குமாஸ்தா என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் பதவியைக் குறைத்துச் சொன்னேன். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை, 'விடுங்க, தம்பிக்கு வேற வீடு இல்லையா' என்றாள். இருபத்தாறு நிமிடம். குறை சொல்லியே ஆயுளைக் கழித்தவன் என்று நீங்கள் இருவரும் என்னைக் கேலி செய்வீர்கள், அந்த வித்தை ஒருநாள் உதவியது. சித்தப்பா வீட்டுச் செருப்போடு வந்தான், பின்னால் இரண்டு பேர். பையில் இருந்த கையை ஃபில்டர்காரன் எடுப்பதற்குள் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் என் அறையில் முத்திரைகளை உடைத்தார்கள். ஒன்பதில் எட்டு வீட்டில் அதே சுழி. அவன் எந்தக் கம்பெனியிலும் இல்லை, எல்லாக் கம்பெனி மெஷினையும் தனியாகப் பழுது பார்த்துக் கொடுப்பவன், கார்டையும் அவனே அச்சடித்தானாம். இத்தனை வருடம் ஏன் ஆயிற்று என்று வருகிற பதினைந்தாம் தேதி விசாரணை வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து, ஃபைலிலிருந்து உருவிய அந்தச் சிவப்பு மை மனுவை என் கையில் கொடுத்து, 'இத நீங்களே வச்சுக்கங்கண்ணே, நான் எதுவும் சொல்லமாட்டேன்' என்றான். மன்னிப்பதில்கூட எனக்கு ஒரு படி மேலே நிற்கப் பார்க்கிறான். அந்தக் காகிதம் இரண்டு தடவை அடுப்பு வரை போய்த் திரும்பிவிட்டது. ஆசிரியையின் அப்பா விசாரணைக்கு ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார், நாலு வருடத்துக்கு முன்பே பிடித்திருக்க முடியுமா என்று. அவருக்கும் என் வயதுதான். பதில் என் கையெழுத்தில் இருக்கிறது.

பதினைந்தாம் தேதி காலையில் அசலை நான் கொடுக்க வேண்டும். வேலை போகும், அது போகட்டும். ஆனால் என்னை எனக்குத் தெரியும், வாசற்படியில்கூட ஒரு நியாயம் கண்டுபிடித்துத் திரும்பிவிடுவேன். அதனால் அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அன்று மாலை ஆறு மணிக்குள் கொடுத்துவிட்டேன் என்று என்னிடமிருந்து போன் வராவிட்டால், நீ அதை விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிடு, முகவரி பின்பக்கம் இருக்கிறது. சித்தப்பாவுக்கு அனுப்பாதே, மறைத்துவிடுவான். அவனோடு பேசு, உன்னைப் பேசவிடாமல் தடுத்தது நான்தான். நான் சொல்லிப் பேசுகிறாய் என்று மட்டும் அவனிடம் சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு. தனியாக இருப்பதை யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். நீண்ட ஆயுளோடு இரு, இந்த வார்த்தையை இத்தனை வருடம் கடிதத்தின் அடியில் கை பழக்கத்தில் எழுதியிருக்கிறேன், இன்று அப்படி இல்லை. பதினைந்தாம் தேதி, மாலை ஆறு மணி. எனக்காக ஒரு நிமிடம்கூடப் பொறுக்காதே.

உன் அப்பா