வலைக்கு அந்தப் பக்கத்துக் கோழிகள்

நெரவி,
25.5.1984

அன்பு மகள் அல்லிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மெட்ராஸ் வெயிலில் வாடாமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிறது, பதில் எழுதாததற்கு மறதி காரணமில்லை. நீ குஞ்சிலிருந்து வளர்த்து என்னிடம் விட்டுப்போன நாற்பது வெள்ளைக்கோழியும் என்ன ஆகுமோ என்று தெரியாமல் உனக்கு என்ன எழுதுவது என்று பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இப்போது எழுதுகிறேன், படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளாதே.

அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம் ஆறு கோழி செத்துப்போனதை முன்பே எழுதியிருந்தேன். எல்லாம் இறக்கையை விரித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி இரைத்துக்கொண்டு நிற்கும், எச்சம் தண்ணீராய்ப் போகும், மறுநாள் பார்த்தால் ஒன்று சாய்ந்து கிடக்கும். நீ எழுதியபடி செத்ததில் ஒன்றை அறுத்துப் பார்த்தேன். குடல் ஈரக் காகிதம் மாதிரி மெலிந்து, அங்கங்கே ரத்தம் கட்டி, விரல் பட்டால் கிழிந்துவிடும் போலிருந்தது. வெயில் வெளியேதானே அடிக்கிறது, வயிற்றுக்குள் போய் இப்படிச் செய்யுமா என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குடல் புண்ணுக்கு நாம் சாப்பிடுகிற மணத்தக்காளிக் கீரையைக் கோழிக்குக் கொடுத்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, எல்லாவற்றுக்கும் கொடுத்தால் எது குணமாக்கியது என்று எப்படித் தெரியும், பாதிக்கு மட்டும் கொடும்மா, என் வெட்னரி காலேஜ் வாத்தியாரிடம் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். பாட்டனி படித்தவள் நான், நீ சொன்னது சரியென்று புத்திக்குப் பட்டது, மனசுக்குத்தான் படவில்லை. பதினேழு கோழியைச் சாகவிட்டு வேடிக்கை பார்ப்பதா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். இருந்தாலும் நீ கேட்டாயே என்று செய்தேன்.

கொட்டகையைப் பாதியாகத் தடுக்கக் கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் கனகாம்பாளிடம் பழைய வலை கேட்டேன். அவள் வஞ்சிரத்துக்குப் போடுகிற பெரிய கண் வலையைக் கொண்டுவந்து கட்டிக்கொடுத்து, ஏக்கா, கடல்ல மீனு மாட்டாம திரியுது, நீ கோழிக்கு வலை போடுறியே, எங்க வூட்டுக்காரரு கேட்டா சிரிப்பாருக்கா என்றாள். வலைக்கு இந்தப் பக்கம் பதினேழு, அந்தப் பக்கம் பதினேழு. தீனியும் தண்ணீரும் ஒன்றுதான், இந்தப் பக்கம் மட்டும் காலையிலும் மாலையிலும் வலை ஓரமாகவே ஒரு கட்டுக் கீரை தொங்கவிடுவேன். முனிசிபாலிட்டி வேலை முடிந்து வந்த அப்பாவுக்குச் சிரிப்பு. மேரி ஆபீஸில எல்லாரும் கேக்குறாங்க, கோழிக்குக் கீரை, உங்களுக்கு என்னங்க சமையல்னு, வெறும் ரசம்தான்னு சொல்லிட்டு வந்தேன் என்றார்.

முதல் இரண்டு நாளில் அந்தப் பக்கம் இரண்டு செத்தது, இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பக்கமும் சாவு நின்றுவிட்டது, எச்சம் கெட்டியானது, பத்து நாள் முட்டை வைக்காததெல்லாம் வைக்க ஆரம்பித்தது. வெயில் குறைந்திருக்கும் என்று பார்த்தால் தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெயில். அப்படியானால் கீரையால் ஒன்றுமில்லை, தானாகவே தேறிவிட்டன, நான்தான் பைத்தியக்காரி மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்துக் கோழி ஒன்றைக் கீரி கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டது. எதற்கும் பார்ப்போம் என்று அறுத்தேன். குடல் இளஞ்சிவப்பாக, கனமாக, வழுவழுவென்று புதுத்துணி மாதிரி இருந்தது அல்லி. தீனிப்பையைக் கீறினால் உள்ளே பச்சை. மணத்தக்காளி இலை. நான் அந்தப் பக்கம் ஒரு இலைகூடப் போட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பக்கத்துக் கோழிகள் ஒவ்வொன்றாக வந்து வலைக்கண்ணில் தலையை நுழைத்து, கழுத்தை எட்டும் மட்டும் நீட்டி, ஒரு இலையைப் பறித்துக்கொண்டு பின்வாங்கின. வலைநூல் உரசிக் கழுத்து மயிர் உதிர்ந்திருந்தது, அப்படியும் விடவில்லை. பச்சை எதுவானாலும் கோழி கொத்தும் என்று நீ சொல்வாய். இதே மணத்தக்காளி அடிபம்புத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தையில் முழங்கால் உயரம் நின்றதே, அப்போது இவை அதை மிதித்துக்கொண்டு போனதை நானும் நீயும் பார்த்தோமே. கோழிக்கு வியர்க்காது என்று நீதான் எழுதினாய். அந்தச் செடிக்கும் நிழலுக்கு நகரக் கால் கிடையாது. நின்ற இடத்திலேயே வெயிலைத் தாங்க அது தனக்கென்று ஏதோ ஒன்றை இலையில் காய்ச்சி வைத்திருக்கிறது, அது இன்னொரு உயிரின் குடலையும் காப்பாற்றுகிறது என்றால் இதை எப்படிச் சொல்வது? மூன்று வருஷம் காலேஜில் இலையைக் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை.

உடனே வலையை அவிழ்த்துவிட்டேன். உன் சோதனை கெட்டுவிட்டது, உன் வாத்தியாரிடம் காட்ட ஒன்றுமில்லை, அம்மாவை மன்னித்துக்கொள். முப்பத்தொன்றும் நன்றாக இருக்கிறது. இதையும் கேள், நேற்று விடிகாலையில் அம்பகரத்தூர்ப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து நல்ல மழை. காற்றே குளிர்ந்துபோயிற்று. வழக்கம்போல ஒரு கட்டுக் கீரை தொங்கவிட்டேன். ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம்வரை தொங்கித் துவண்டு கிடந்தது. எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று இவற்றுக்கு யார் சொன்னது என்று உன் வாத்தியாரிடம் அதையாவது கேட்டு எழுது.

ஹாஸ்டல் சாப்பாட்டில் உனக்கு வாயெல்லாம் புண் என்று எழுதியிருந்தாய். மணத்தக்காளி வற்றல் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். தினமும் கட்டாயம் சாப்பிடு, சாப்பிட்டாயா என்று எழுது, என்றுதான் எழுத வந்தேன். வேண்டாம். டப்பாவை எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள், உனக்கே தோன்றும்போது எடுத்துச் சாப்பிடு. நீ எல்லா நலமும் பெற்று நீடூழி வாழவேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் சேர்த்து. மத்தியான வெயிலில் குடை எடுத்துப் போக மறக்காதே, இதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
தி. அஞ்சுகம்