எல்லோரும் படித்திருந்த நாவல்

ஜூன் 10, 2014, செவ்வாய். லூயிவில்

மறுபடியும் இந்த மண்டபம். விமானத்தையே உள்ளே நிறுத்தலாம். ஆயிரம் ஆசிரியர்கள், மேசைக்கு எட்டுப் பேர். மே மாதத்தில் நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தள்ளிய இலக்கியக் கட்டுரைகளுக்கு ஏழு நாள் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் அமெரிக்க வரலாற்றுத் தாள் திருத்துகிறவர்கள். அவர்களுக்குக் காபி எங்களைவிட இரண்டு நிமிடம் முன்னால் போகிறது. ஐந்து வருடமாகக் கவனித்துவருகிறேன்.

என் மேசைத் தலைவன் யார் என்று பார்த்தால் — வெண்டல் ப்ரூவர்.

பத்தொன்பது வருடம் ஆகிறது. ஆய்வு மாணவர்களாக ஒரே அறையில் இருந்தோம். தேர்தல் மேடைப் பேச்சுகளைப் பற்றி நான் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். இவன் எழுந்து, "ரஸ், இது இலக்கியம் இல்ல, வரலாறு" என்றான். பேராசிரியர் தலையாட்டினார். என் ஆய்வு அன்றைக்கே செத்தது. இன்று இவன் ஆரெகானில் துறைத் தலைவன். நான் நெப்ராஸ்காவில் காற்புள்ளி எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

கை நீட்டினான். என் இரண்டு கையிலும் காபி என்று காட்டிக்கொண்டேன். ஒரு கோப்பை காலி.

ஜூன் 11

நூற்று நாற்பது கட்டுரைகள். கேள்வி ஒன்றுதான்: நீங்கள் படித்த ஒரு படைப்பில், எல்லோரையும் எதிர்த்துத் தனியாக நிற்கும் ஒரு பாத்திரம். ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "இதைப் படிக்கிறவரே, நான் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. நீங்களாவது மதியம் நன்றாகச் சாப்பிடுங்கள்." ஒன்பதுக்கு ஒன்று போட்டேன். அதுவும் மரியாதைக்காக.

பக்கத்து நாற்காலி லவான். மிசிசிப்பியில் முப்பது வருடம் பள்ளி ஆசிரியை. "ராசா, இப்ப நீ சிரிச்சியா? பாத்து, மூஞ்சி சுளுக்கிக்கப் போவுது" என்றாள்.

ஜூன் 12

இன்று ஒரு கட்டுரை! நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

விடைத்தாளை உதவியாளர்கள் உரிய பக்கத்துக்கு மடித்தே தருவார்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று எங்களுக்குத் தெரியக் கூடாது, அதனால் அட்டை உள்ளே போய்விடும். புத்தகத்தின் பெயரை இவள் எழுதவில்லை. (கையெழுத்தை வைத்துப் பெண் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.) ஒரு கிழட்டு செனட்டர். ஒரு மசோதா நிறைவேறக் கூடாதென்று, ஓட்டெடுப்புக்கே இடம் விடாமல் அவையில் நின்று பதினான்கு மணி நேரம் பேசியே அதைச் சாகடிக்கிறார். அவள் எழுதுகிறாள்: "யாரும் கேட்க வேண்டும் என்று அவர் பேசவில்லை. வேறு யாரும் பேசிவிடக் கூடாது என்று பேசினார்."

பதினேழு வயதில்! எட்டு போட்டேன்.

வெண்டல் மறுபடி படித்துச் சரிபார்த்தான். "எட்டாடா?"

"எட்டுதான்."

"நாவல் பேரே எழுதல."

"பேர் எதுக்கு? படிச்சவனுக்குத் தெரியாதா?" — சொன்ன பிறகுதான் யோசித்தேன். எந்த நாவல்?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "தெரியாம என்ன, நான் பாடமே நடத்தியிருக்கேன். கடைசி அத்தியாயத்தை இவ தொடவே இல்ல. அஞ்சு."

மேசையே தலையாட்டியது. எதிரே இருந்த கனெக்டிகட்காரர், "நாவலோட முதல் பாதி இழுவைதான்" என்றார்.

அன்றைக்கு வகுப்பில் எனக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை. இவளுக்கு நான் நிற்பேன். எட்டிலிருந்து இறங்குவதாக இல்லை.

ஜூன் 13

அவனும் ஐந்திலிருந்து ஏறுவதாக இல்லை. நாளைக்குள் ஒத்துப்போகாவிட்டால் மண்டபத் தலைவரிடம் போகும்.

மதியச் சாப்பாட்டின்போது போனில் அந்த நாவலைத் தேடினேன். கிடைக்கவில்லை. பழைய பதிப்பாக இருக்கும்.

ஜூன் 14

இதை எப்படி எழுதுவது.

காலையில் நாங்கள் கத்திக்கொண்டதில் லவானுக்குப் பொறுக்கவில்லை. "குடுங்க இப்படி" என்று வாங்கிப் படித்தாள். பிறகு, "இந்தப் புத்தகத்த நான் படிச்சதில்ல" என்றாள்.

சட்டையைக் கழற்றிவிட்டதுபோல மேசை மொத்தமும் அவளைப் பார்த்தது. இலக்கிய ஆசிரியர்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லலாமா!

அவள் மடிப்பைப் பிரித்து அட்டையைத் திருப்பினாள். 'அமெரிக்க வரலாறு.'

"அந்தப் பக்கத்துத் தாள் தவறி இங்க வந்திருக்கு. அட மக்குங்களா, இது கதையே இல்ல. அந்த ஆளு நெசமாவே நின்னு பேசியிருக்கான்."

"எந்தக் கடைசி அத்தியாயம் வெண்டல்?" என்றேன்.

"படிச்சவனுக்குத் தெரியாதான்னு கேட்டியே, நீ சொல்லேன்."

கனெக்டிகட்காரர் பென்சில் சீவக் கிளம்பிவிட்டார்.

வெண்டலுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ரஸ்... இது இலக்கியம் இல்ல, வரலாறு" என்றான்.

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்து தொலைத்தது. அவனும் சிரித்தான். அமைதி காக்கச் சொல்லி ஆள் வரும்வரை சிரித்தோம். வயிறு இன்னும் வலிக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

தாள் திரைக்கு அந்தப் பக்கம் போயிற்று. அங்கே அதற்கு விழுந்தது நான்கு.

நான்கு! மசோதா வந்த வருடத்தை அவள் இரண்டு வருடம் மாற்றி எழுதிவிட்டாளாம். இந்தத் தேர்வில் நன்றாக வாங்கினால் கல்லூரியில் அந்தப் பாடத்தைத் தாண்டிவிடலாம்; நான்கு என்றால் முதலிலிருந்து படிக்க வேண்டிவரலாம்.

ஐந்து போட்டவன்தான் முதலில் எழுந்தான். "நாலாம்ல, நாலு! வாடா."

திரையை விலக்கிக்கொண்டு போனோம். அங்கே தலைமை, பாக்கா என்று ஒரு நியூ மெக்ஸிகோக்காரர்.

"கவிதை கிவிதை வழிதவறி வந்துடுச்சா?"

"அந்தத் தாளை இன்னொரு தடவை படிங்க" என்றான் வெண்டல்.

"வருஷம் தப்பு சார்."

"வருஷம் தப்பு, ஆள் சரி" என்றேன் நான்.

"இது உங்க மேசை இல்ல."

"எங்க மேசைல மூணு நாள் சண்ட போட்டிருக்கோம் இதுக்காக. பத்தொம்பது வருஷமா பேசிக்காத ரெண்டு பேரு" என்றான் வெண்டல். அவனும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்!

பாக்கா எங்களை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். தாளை வரவழைத்து நின்றபடியே படித்தார். அந்த வாக்கியம் வந்த இடத்தில் உதடு அசைந்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை படித்தார்.

"ஒரு பிழைக்காக மொத்தத்தையும் கீழ இறக்கிட்டாங்க. ஏழு. அதுக்கு மேல ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன். இப்ப ரெண்டு பேரும் நடைய கட்டுங்க."

எட்டுக்குரிய கட்டுரைதான். இருந்தாலும் ஏழு.

ஜூன் 16

விமான நிலையத்துக்கு ஒரே வண்டியில் வந்தோம். அவனுக்கு முதுகுவலி, எனக்குச் சர்க்கரை. வழியெல்லாம் அதைத்தான் பேசினோம்.

ஜூலை 5, சனி. கேர்னி, நெப்ராஸ்கா

இன்று மதிப்பெண்கள் வெளியாகும் நாள். ஏழு மணிக்குப் போன் அடித்தது. வெண்டல்.

"இந்நேரம் பாத்திருப்பாளாடா?"

"எந்த ஊரோ. இன்னும் தூங்கிட்டிருப்பா."

"ஏழு நல்ல மார்க்குதானே?"

"நல்ல மார்க்குதான். எட்டு வந்திருக்கணும்."

"நான் அஞ்சுன்னு சொல்லியிருக்கக் கூடாது."

"சரி விடு" என்றேன்.

அரை மணி நேரம் பேசியிருப்போம். போனை வைத்த பிறகுதான் உறைத்தது — அவன் அடித்தபோது ஆரெகானில் விடிகாலை மணி ஐந்து.