நாலு பேரில் ஒருவன்

அண்ணே,

தேங்காய் எண்ணெய் வாசனை பட்டாலே இப்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான். வீட்டுக்காரிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வருகிற வாரம், மகளுக்குத் தலை பின்னுவது என் வேலை. "இன்னாப்பா இது, ஒரு சடை மேல கீது, ஒண்ணு கீழ கீது" என்று கண்ணாடி முன்னால் நின்று கத்துகிறாள். நாள் முழுக்க லைனில் போல்ட் முடுக்குகிறவனுக்கு ரெண்டு சடையை ஒரே மட்டத்தில் நிறுத்தத் தெரியவில்லை.

அவளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, யூனிஃபார்மோடு நேராக வந்தீர்கள். ஜெபம் பண்ணிப் பூச ஆலிவ் எண்ணெய் இல்லை. என் வீட்டுக்காரி பையிலிருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "ஆண்டவருக்கு பிராண்டெல்லாம் கெடையாதுல, அதக் கொண்டா" என்றீர்கள். பிள்ளை நெற்றியில் ஒரு சொட்டு வைத்துக் கண்ணை மூடினீர்கள். நான் மூடவில்லை. சலைன் சரியாக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை பிழைத்தாள். "மருந்தாண்ணே, ஜெபமா?" என்று கேட்டேன். "ரெண்டும் அவருதுதாம்ல. நீ எதுக்குச் சண்ட மூட்டுத?" என்றீர்கள்.

அதுவரை கிறிஸ்துமஸ், ஈஸ்டர் இரண்டுக்கும் மட்டும் கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்த என்னை, சேரப்பணஞ்சேரியில் தகரக் கூரை போட்ட உங்கள் ஜெப வீட்டுக்கு இழுத்தது நீங்கள்தான். மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அங்கே கேட்டதைப் பற்றி நான் கேள்வி கேட்பேன். கைகால் விளங்காத திமிர்வாதக்காரனை நாலு பேர் படுக்கையோடு தூக்கி வந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து, கயிறு கட்டி இயேசுவின் முன்னால் இறக்கிய கதையைச் சொன்னீர்களே, அதற்கு நான் கேட்டது இது: "அந்த வூட்டுக்காரன் சும்மாவா வுட்டான்? கூரைய அப்புறம் யார்ணே போட்டுக் குடுத்தா?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தீர்கள். பிறகு சொன்னீர்கள். "கூரைய வுடு. ஆண்டவர் படுத்துக் கெடந்தவன் விசுவாசத்தப் பாக்கலல. தூக்கிட்டு வந்தவனுவ விசுவாசத்தப் பாத்தாரு. சீக்காளிக்கு நம்பத் தெம்பு இருக்காது. மத்தவன் நம்பணும்."

உங்களுக்குக் கல்லீரல் கெட்டுப்போச்சு என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்தத் தெம்பு உங்களுக்கே போய்விட்டது. கட்டிலைச் சுற்றி நின்ற கம்பெனி ஆட்கள் எங்களைப் பார்த்து, "சரியா நாலு பேரு இருக்கீயல. தூக்குங்கடே" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றும் எல்லோருக்கும் தெரிந்தது.

அன்றிலிருந்து ஷிஃப்ட் விட்டதும் ஒரகடம் கேட் எதிரே டீக்கடை ஓரம் நின்று நாலு பேரும் ஜெபித்தோம். மற்ற மூவர் கண்ணிலும் தண்ணீர் வரும். எனக்குள் மட்டும் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு, "இது ஆவாதுப்பா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். வாய் ஆமென் சொல்லும். அதே வாயோடு உங்களிடம் வந்து, "எழுந்துடுவீங்கண்ணே" என்பேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ சொன்னா சரிதாம்ல" என்பீர்கள். அந்தப் பார்வையை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

நீங்கள் எழுந்திருக்கவில்லை.

கம்பெனியில் ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆனால் 'ஒய்-ஒய்' போடச் சொல்வார்களே, ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு ஆளிடம் நிற்கும். நானும் போட்டேன். அண்ணன் ஏன் பிழைக்கவில்லை? ஜெபம் கேட்கப்படவில்லை. ஏன்? விசுவாசம் பத்தவில்லை. யாருடையது? நாலு மூலையில் ஒரு மூலை தொங்கிப்போனால் படுக்கை எப்படி நேராக இறங்கும்? பத்தாவதோடு ஐ.டி.ஐ. படித்தவனுக்கு இதற்குமேல் வேதம் விளங்கவில்லை.

போன ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை. பிள்ளை பிழைத்ததைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி பாஸ்டர் கேட்டிருந்தார். முன்வரிசையில் உங்கள் வீட்டு அக்கா உட்கார்ந்திருப்பார். அவர் முகத்துக்கு நேரே, ஆண்டவர் என் வீட்டில் செய்தார் என்று எப்படிச் சொல்வது? ஆராதனைக்கு முன்பே, வாசலில் செருப்பு கழற்றுகிற இடத்தில் அக்காவைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். "நான் நம்பவே இல்லக்கா. அதனாலதான் அண்ணன்..."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏல, நீங்க டீக்கடையில ஜெபம் பண்ணிட்டு நின்ன அன்னிக்கே, அவுக உடம்ப ஊருக்குக் கொண்டுபோவ நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. என்னைவிட நீ பெரிய அவிசுவாசியோ?"

கோபமா, அழுகையா, தெரியவில்லை. "போய்ச் சொல்லு. அவுக கை வச்ச பிள்ளல்லா அது" என்று உள்ளே போய்விட்டார்.

மைக்கைப் பிடித்தேன். என் மகள் பிழைத்தாள், அவளுக்காக ஜெபித்தவர் பிழைக்கவில்லை, இரண்டையும் செய்தது ஒரே ஆண்டவர் என்றால் எனக்குப் புரியவில்லை, புரியாமலே நன்றி சொல்கிறேன் என்றேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. நான் சொன்னது சரியா தப்பா என்று யாரைக் கேட்பது? பக்கத்து சீட்டில் நீங்கள் இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை மறுபடி படித்தேன். சுகமானவன் படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான் என்று இருக்கிறது. அந்த நாலு பேர் கீழே இறங்கியதாக ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது போதும் அண்ணே. பிரித்த கூரைமேல் நான் இன்னும் நிற்கிறேன், கயிறு கையில்தான் இருக்கிறது. பலமாகப் பிடித்திருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். விடவில்லை, அவ்வளவுதான்.