பொன்மலையில் எல்லாரும் எழுந்து நின்ற பாட்டு

என்னைப் பெற்றவளே, என் சவரியம்மா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உனக்கு நான் எழுதவில்லை, சொல்லும்படி ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது. போன சனிக்கிழமை பொன்மலை ரயில்வே காலனி நடன மண்டபத்தில் உன் மகள் தமிழில் பாடினாள். ஆடினார்கள் அம்மா, அத்தனை பேரும் ஆடினார்கள்.

இந்தக் கடிதம் பத்திரிகையில் வரப்போகிறது, ஊரே படிக்கும். அதனால் உனக்குத் தெரிந்த பழைய கதையையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பாலக்கரையில் தையல் மிஷினை மிதித்து மிதித்து நீ என்னைக் கான்வென்ட்டில் படிக்க வைத்தாய். அங்கேதான் பியானோ கற்றேன். பேசாத படங்கள் ஓடிய காலத்தில் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்திச் சண்டைக்கும் கல்யாணத்துக்கும் நான்தான் வாசித்தேன். படம் பேச ஆரம்பித்ததும் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "படமே பேசுது, நீ வாயைத் தொறந்து பாடினா என்னடி?" என்று கேட்டாய். அப்படித்தான் நான் பாடகி ஆனேன்.

கிராமபோன் தட்டுகளைத் தேயத் தேயப் போட்டு இங்கிலீஷ் ஜாஸ் பாட்டைப் பிடித்துக்கொண்டேன். அடி விழும் என்று காத்திருந்தால் கொஞ்சம் தள்ளி விழும் அந்தத் தாளம் எனக்கு ஏனோ பிறந்த வீடு மாதிரி இருந்தது. பெங்களூர், மதராஸ், கொழும்பு என்று ஓட்டல் ஓட்டலாகப் பாடினேன். உன் உடம்பு படுத்த ஆரம்பித்ததும் திரும்பி வந்து பொன்மலையில் சேர்ந்தேன்.

ரயில்வேயில் வேலை பார்க்கும் ஆங்கிலோ இந்தியர்கள் ஆடும் அந்த மண்டபத்துக்குள் நம் ஆட்களை விடமாட்டார்கள். பாடுகிறவள் என்பதால் எனக்கு மட்டும் பின்வாசல் வழி உண்டு. ஆடும்போது யார் கவுனாவது கிழிந்தால் தைத்துக் கொடுக்க நீ ஊசியோடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாய். "பாட்டு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டால், "பாட்டை யாரு கேட்டா? என்ஜின் டிரைவர் சம்சாரத்துக்கு இடுப்பு ரெண்டு அங்குலம் கூடியிருக்கு, அதைத்தான் பாத்தேன்" என்பாய். பிறகு ஜட்காவில் வரும்போது மெதுவாகக் கேட்பாய்: "இவ்வளவு நேரம் என்னதாண்டி பாடின? நம்ம பேச்சுல பாடினா வாய் கோணிக்குமா?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்காகத்தான் அந்தப் பாட்டை எழுதி, மெட்டும் போட்டேன்.

காவேரிப் பாலத்திலே காத்து வாங்கப் போனவரே,
போனதுதான் போனீங்க, என் தூக்கம் எதுக்குக் கொண்டு போனீங்க?

அடுப்படியில் பாடிக் காட்டியதும், "யாருடி அவரு?" என்றாய். "பாட்டுல வர்றவரும்மா" என்றேன். "பாட்டுல மட்டுந்தானே?" என்று கரண்டியை ஆட்டினாய். நீ அதை மண்டபத்தில் கேட்காமலே போய்விட்டாய், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அதற்குப் பிறகு, அதைப் பாட விடச் சொல்லி மண்டபத்துச் செயலாளரின் காது புளித்துப்போகும்வரை கேட்டேன். கடைசியில் மனிதர் இறங்கி வந்தார். "ஒரே ஒரு தடவை பாடிக்க, பிலோமி. ஆனா ஆடுறவங்க உக்காந்துட்டாங்கன்னா, அடுத்த வாரத்துலேருந்து பியானோவுக்கு வேற ஆள் பாத்துக்குவோம்." சரி என்றேன்.

அந்த மண்டபத்து வழக்கம் உனக்குத் தெரியும். நடனம் முடிந்ததும் இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டை வாசிப்போம். அதன் முதல் ஒலி கேட்டதுமே கையில் இருக்கும் கிளாஸை வைத்துவிட்டு எல்லாரும் விறைத்து நிற்பார்கள். என் பாட்டுக்கு நான் நிதானமான, கனமான ஒரு தொடக்கம் வைத்திருந்தேன். வருஷக்கணக்காக ராஜா பாட்டை வாசித்த கையல்லவா, அதே சுருதியில் அதே நடையில் போய் விழுந்துவிட்டது.

நிமிர்ந்து பார்க்கிறேன், மண்டபமே எழுந்து நிற்கிறது. வாசலில் செயலாளரும் கையை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார். நடனம் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னாலிருந்து டிரம் வாசிக்கும் ஆல்பர்ட், "பிலோமி, எல்லாரும் நிக்கிறாங்க, என்ன செய்யப்போற?" என்றான்.

"நிக்கட்டும், நல்லதாப் போச்சு. நீ தட்டு."

அவன் தட்டினான். நான் காவேரிப் பாலத்தை எடுத்தேன். ராஜாவுக்காக எழுந்தவர்கள் உடனே எப்படி உட்காருவார்கள்? முதலில் சிரித்தவள் யார் தெரியுமா? உன் இடுப்பு அளவுக்காரி, டிரைவர் சம்சாரம்தான். அந்த அம்மாள் புருஷனின் கையைப் பிடித்து இழுத்துத் தளத்தில் இறக்கினாள். ஒரு ஜோடிக்குப் பின் இன்னொரு ஜோடி, பிறகு கால் வைக்க இடம் இல்லை. "தூக்கம் எதுக்குக் கொண்டு போனீங்க" என்ற வரியை அவர்களே திருப்பிப் பாடினார்கள். ரயில் காலனியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழ் தெரியாதா என்ன? மறுபடி பாடச் சொன்னார்கள், பாடினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. முடிவில் நிஜமாகவே ராஜா பாட்டை எடுத்தோம். என் பாட்டுதான் மறுபடி வருகிறது என்று பாதிப் பேர் கைகோத்து ஆடத் தயாராக நின்றார்கள்.

செயலாளர் வந்து, "அடுத்த வாரமும் அதைப் பாடு. ஆனா அந்த ஆரம்பத்தை மட்டும் மாத்திடு" என்றார். "மாத்த மாட்டேங்க" என்றேன். உன் மகள் வேறு என்ன சொல்வாள்?

அன்று மதராஸ் கிராமபோன் கம்பெனிக்காரர் ஒருவரும் அங்கே இருந்திருக்கிறார். அடுத்த மாதம் வந்து தட்டுப் பதிவு செய்யக் கூப்பிட்டிருக்கிறார். ஓட்டல்களில் பாடிய 'மிஸ் பெட்டி' என்ற பெயரையே போடலாமா என்று கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சத்தியம் செய்கிறேன் அம்மா, இனி என் பாட்டு எதுவும் உன் பெயர் இல்லாமல் வெளியே போகாது. தட்டில் அச்சடிக்க இப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்:

பாட்டு, மெட்டு, பியானோ, குரல் –
பாலக்கரை சவரியம்மா மகள் பிலோமினா.