வெளியேறு என்ற பொத்தான்

2025 பெப்ரவரி 3, திங்கள்

சுன்னாகத்தில் பஸ் பிந்தியது. திருநெல்வேலி வந்து கந்தோர்ப் படி ஏற ஒன்பதே கால். கேதீஸ்வரன் அண்ணை இந்த மாதத்துக்குள் எங்கள் கணினி விளையாட்டின் பிழை எல்லாம் பிடித்துத் தரச் சொல்கிறார். கந்தோர் அவருடையது, படங்களும் அவர் கீறியவை. எழுத்தும் சத்தமும் என் பொறுப்பு. மிச்சம் எல்லாம், அந்தப் படங்களை ஓடவும் நிற்கவும் வைத்த அவ்வளவும், பிரகலாதன் செய்தது. அவன் இருந்த கதிரையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

‘மழைக்கு முன்’ என்று விளையாட்டுக்குப் பெயர். ஒரு சைக்கிள்காரன் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் “மழை வருது!” என்று கத்த வேண்டும். முற்றத்தில் காயப்போட்ட மிளகாயையும் பனங்கிழங்கு ஒடியலையும் சனம் உள்ளே எடுக்கும். அவ்வளவுதான். சுடுகிறதும் இல்லை, சாகிறதும் இல்லை. சைக்கிள்காரனின் குரல் பிரகலாதனுடையது. அவன் போய் இரண்டரை மாதம்.

மத்தியானம் விளையாட்டை ஓடவிட்டபடியே சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள் ஒருவர் கதைத்து முடிக்கிற சத்தம். எடுத்துக் காதில் வைப்பதற்குள் நின்றுவிட்டது. “மழை வருது” இல்லை. நான் எழுதிக் கொடுத்த எந்த வசனமும் இல்லை. ஆனால் அவன் குரல்.



பெப்ரவரி 4, செவ்வாய்

அரை மணித்தியாலம் ஒன்றையும் தொடாமல் இருந்தேன். சைக்கிள்காரன் ஹாண்டிலில் சாய்ந்தான், தலையைச் சொறிந்தான், ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

கம்பஸ் பிள்ளைகள் ஆறு பேர் வந்து விளையாடிப் பார்த்தார்கள். மணி அடிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அடித்தால் ஒன்றும் நடக்காது. புள்ளியும் இல்லை, பரிசும் இல்லை. ஆறு பேரும் விடாமல் மணி அடித்தார்கள். ஒருத்தி பின்னால் வந்த நாயோடு மினக்கெட்டு மழையை மறந்துபோனாள். ஊரின் மிளகாய் முழுக்க நனைந்தது. அவளுக்கு ஒரே சிரிப்பு.

மணியும் நாயும் பிரகலாதனின் வேலை. ஒருவரும் கேட்கவில்லை. வீண் வேலை என்று நான்தான் ஏசினேன். “கேட்டதை மட்டும் செய்தால் அது மிசின் அக்கா. கேளாததையும் செய்தால்தான் சனத்துக்குப் பிடிக்கும்” என்பான். இன்னொன்றும் சொல்வான்: “ஒண்டும் செய்யாமல் நிண்டு பாருங்கோ. அப்பதான் ஒரு கேம் தன்ரை குணத்தைக் காட்டும்.”

இப்போது நிற்கிறேன், ஐயா. காட்டு பார்ப்போம்.

கேதீஸ்வரன் அண்ணையிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் அந்த ஒலியைத் தேடி எடுத்துவிடுவார். ஏன் சொல்லவில்லை? பயம். அது என்னைப் பற்றியதாக இருந்தால்?

பெப்ரவரி 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நவம்பர் 21. விளையாட்டை மூடுகிற பொத்தானில் அவன், போய்விட்டு வருகிறேன் என்பதை நாங்கள் கதைக்கிறபடியே ‘போட்டு வாறன்’ என்று எழுதி வைத்திருந்தான். நான் ‘வெளியேறு’ என்று திருத்தினேன். அவன் பழையபடி மாற்றினான். ஒரு கிழமையாக இதே இழுபறி. அன்று பின்னேரம் எனக்கு நல்ல கோபம்.

“வீட்டாலை வெளிக்கிடேக்கை ஆரக்கா ‘வெளியேறுறன்’ எண்டு சொல்லுறது?”

“இது வீடில்லை. சொவ்ட்வெயார்.”

“எனக்கு வீடு” என்று சிரித்தான். நாலரைக்கு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “சரி, போட்டு வாறன்” என்றான். நான் திரையை விட்டுக் கண் எடுக்காமல் “போ” என்றேன்.

வெறும் போ. செத்த வீட்டில் மட்டும்தான் நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வருவது. மற்றப்படி எங்கே போகிறவருக்கும் ‘போட்டு வா’. அந்த ‘வா’ இல்லாமல் ஓர் ஆளை அனுப்புவோமா? கடைக்குப் போகிற பிள்ளையைக்கூட அனுப்ப மாட்டோம். நான் அனுப்பினேன்.

பலாலி வீதியில், மழைக்குள், லொறி. ஐந்து மணிகூட ஆகவில்லை.

ஒரு சொல்லு ஆளைக் கொல்லாது. தெரியும். எனக்கு விசரில்லை. பிறகு ஏன் ஒவ்வொரு நாளும் நாலரை மணிக்கு வாசலைப் பார்க்கிறேன்?

பெப்ரவரி 15, சனி

மானிப்பாய்க்குப் போனேன், அவனுடைய அம்மா நாகேஸ்வரியைப் பார்க்க. இவ்வளவு நாளும் தள்ளிப் போட்டதே இந்தக் கேள்விக்குப் பயந்துதான். தேத்தண்ணி தந்த கையோடு கேட்டார்.

“கடைசியாய் அவனைக் கண்டது நீர்தானே பிள்ளை. என்ன சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவன்?”

“போட்டு வாறன் எண்டவன், அம்மா.”

“நீர்?”

“போட்டு வா எண்டனான்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அது காணும் எனக்கு. ஆரோ ஒராள் ‘வா’ எண்டு சொல்லித்தான் விட்டிருக்கு.”

தேத்தண்ணியை மிச்சம் வைத்துவிட்டு எழும்பினேன். வெளிக்கிடும்போது, அவன் செய்த விளையாட்டை ஒருக்கால் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

பொய்க்காரி.

பெப்ரவரி 22, சனி

மடிக்கணினியைக் கொண்டு போனேன். அம்மா சைக்கிளை ஓட்டவே இல்லை. மணியை மட்டும் அடித்தார். நான் ஒரு வீட்டு வாசல் வரை ஓட்டிக் காட்ட, “மழை வருது!” என்று அவன் கத்தினான். அம்மா தன்னை மறந்து “எங்கையடா?” என்று யன்னலால் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

போக நேரமாயிற்று, இந்தப் பொத்தானை அமத்தி மூடுங்கள் என்று சொன்னேன். கண்ணாடியைப் போட்டு ‘வெளியேறு’ என்று எழுத்துக் கூட்டி வாசித்தார். கையை எடுத்துவிட்டார்.

“தொண்ணூற்றைஞ்சிலை சண்டை நேரம் ஊரை விட்டுப் போகச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து உந்தச் சொல்லைத்தான் சொன்னவங்கள். கட்டின சீலையோடை நடந்தனாங்கள். என்ரை பிள்ளையைப் பாத்து நான் உதைச் சொல்லுறதோ?”

சரியான தமிழ் என்று நான் ஒரு கிழமை சண்டை பிடித்த சொல். மூடாமல் அங்கேயே ஓடவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

காலையில் போன். “பிள்ளை, அவன் உம்மைக் கூப்பிட்டவன்.”

ஓடிப்போனேன். இரண்டு பேரும் ஒன்றையும் தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். எழுபதாவது நிமிடம் சைக்கிள்காரன் திரும்பினான்.

“தனுஷாக்கா, இன்னும் நிக்கிறியளோ? எனக்குத் தெரியும், இவ்வளவு நேரம் நிண்டு பிழை தேடுற ஆள் நீங்கள் ஒராள்தான். கோவம் ஆறினால் அந்தப் பொத்தானை மாத்துங்கோ. ஆறாட்டி விடுங்கோ. நான் போட்டு வாறன்.”

ஒரு சிரிப்பு. இருமல். பிறகு பழையபடி ஹாண்டிலில் சாய்ந்தான்.

“என்ன கோவம், பிள்ளை?” என்று அம்மா கேட்டார்.

சொன்னேன். எல்லாம் சொன்னேன். ‘போ’ என்றதையும், முதல் வந்த அன்று சொன்ன பொய்யையும். அவர் அழவில்லை, ஏசவும் இல்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். படலையில் நின்று “போட்டு வாறன், அம்மா” என்றேன். இன்னொருக்கால் சொன்னேன். மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

செத்த வீட்டால் வருவதுபோல வந்தேன்.

பெப்ரவரி 24, திங்கள்

பொத்தானை மாற்றினேன். “எங்கை உம்மடை ‘வெளியேறு’?” என்று கேதீஸ்வரன் அண்ணை கேட்டார். “பிழை, அண்ணை” என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

விளையாட்டு வெளிவந்துவிட்டது. முன்பின் தெரியாத சனம் எழுதுகிறது. எல்லோருக்கும் அந்த மணி பிடித்திருக்கிறது. கனடாவிலிருந்து ஒருவர், மூடும்போது தானும் வாய்விட்டுப் ‘போட்டு வாறன்’ என்று சொல்வதாகவும், மனைவி சிரிப்பதாகவும் எழுதியிருக்கிறார். எழுபது நிமிடம் ஒருவரும் நிற்கவில்லைப் போல. அந்தக் குரலை நான் எடுக்கவில்லை. அதுபாட்டில் கிடக்கட்டும்.

மானிப்பாய்க்கு மூன்று தரம் போன் அடித்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாலரை மணி. பையைத் தோளில் போட்டுவிட்டேன். போன். நாகேஸ்வரி அம்மா. ஆறு கிழமைக்குப் பிறகு. சுகம் ஒன்றும் கேட்கவில்லை.

“கந்தோரிலையோ?”

“ஓம் அம்மா. இப்பதான் வெளிக்கிடப் போறன்.”

“இஞ்சை இருட்டிக்கொண்டு வருது. மிளகாயை உள்ளை எடுத்திட்டன்.” பிறகு சொன்னார்: “மழை வருது, பிள்ளை. நிண்டு வா.”

இதுவரை என்னை ‘நீர்’ என்று கதைத்தவர், இன்று ‘வா’ என்றார். நான் ஓம் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

யன்னலுக்கு வெளியே நல்ல வெயில். பையைக் கழற்றினேன். பிரிண்டரைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு அவன் கதிரையில் இருந்தேன். ஐந்து மணிக்கு மழை பிடித்தது. விடும் வரைக்கும் நின்று வந்தேன்.