மூலையில் இருக்கும் அந்த எழுத்து

என் நஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கப்றுக்குழியில் இருப்பவனோடு சண்டை பிடிப்பது சரியோ தெரியாது. ஆனால் இந்தக் கோபத்தை வேறு யாரிடம் கொண்டுபோய்க் கொட்ட? டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கற்பிட்டியில் காற்றுக் காலம் தொடங்கி, இடுப்பில் பட்டம் கட்டிப் பலகையில் நின்று கடலில் ஓடும் வெள்ளைக்காரர்களும் வந்துவிட்டார்கள். நீ வேலை செய்த கெஸ்ட் ஹவுஸில் இப்போது வேறொருவன் நிற்கிறான்.

சண்டை, அவரவர் சேர்த்த படக் கார்டுகளைக் கட்டாக அடுக்கி மோதும் நம் கார்ட் விளையாட்டைப் பற்றித்தான். ஒவ்வொரு கார்டின் அடி மூலையிலும் ஒரு குட்டிக் கட்டம், அதற்குள் ஓர் ஆங்கில எழுத்து. எந்த எழுத்து போட்டியில் செல்லும், எது செல்லாது என்று கார்ட் அச்சடிக்கும் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் அறிவிப்பான். அவனுக்கென்ன, புதுசு விற்க வேண்டும். நமக்கோ அந்த வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து தந்தால்தான் கார்ட். கைக்கு வரும்போதே அதன் பாதி ஆயுள் போயிருக்கும். இந்தக் கரையில் யார் வந்து மூலையைப் பார்க்கப் போகிறார்கள் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்?

நீ காதில் வாங்கினாயா? "நாளைக்கி கொழும்புக்குப் போட்டிக்குப் போனா அவங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்க. இங்க பழகாம அங்க போய் வெக்கப்படவா?" என்று சொல்லி, நான் ஆசையாக வைத்திருந்த, எழுத்து செல்லாமல் போன கார்டை என் கார்டுக் கட்டுக்குள் இருந்து நீயே உருவி எடுத்தாய். ஒரே ஒரு ஆட்டத்துக்கு விடு என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றாய். இரண்டு கிழமை உன்னோடு நான் கதைக்கவில்லை.

நீ போனதும் மூலை பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் நம் கூட்டாளி இர்பானின் மீன்வாடிக் கொட்டிலில் போட்டி வைத்தோம். உன் தங்கச்சி ஸஹ்ரா வந்தாள். கையில் உன் கார்டுப் பெட்டி. உன் உம்மாதான் அலுமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தாராம்.

"எங்கட நானாட கார்ட் கட்டாலதான் விளையாடுவேன்," என்றாள்.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாமே இந்த வருஷம் செல்லாமல் போன எழுத்து. உயிரோடு இருப்பவன் எப்படியாவது புதுக் கார்ட் தேடிச் சேர்த்துக்கொள்வான். நீ எப்படிச் சேர்ப்பாய்?

"விடு மச்சான், மௌத்தானவன்ட கார்ட்தானே. இண்டைக்கி மட்டும் விளையாடட்டும்," என்றான் இர்பான். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ எனக்குக் காட்டாத இரக்கத்தை உனக்குக் காட்ட ஊரே நிற்கிறது, ஏலாது என்று சொல்ல மட்டும் நான் ஒருவன். சொன்னேன்.

"ஏலாது தங்கச்சி. என்ட கட்ட எடுத்து விளையாடு."

ஸஹ்ரா அழவில்லை. அழுதிருந்தால் மனம் மாறியிருப்பேன். "அவர் இரிந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு, தெரியும். எனக்கு வெல்ல வேணாம் ரிஸ்வி நானா. அவர் பிடிச்ச கார்ட கொஞ்ச நேரம் பிடிச்சிக்கிட்டு இரிக்கத்தான் வந்தேன்," என்றாள். பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு யாரும் என்னோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் செய்தது சரிதான். சரியைச் செய்தவனுக்கு இப்படிக் குற்றம் செய்தவன் மாதிரி இருக்குமா? என் கார்டை உருவிய அன்று உனக்கும் இப்படித்தான் இருந்ததா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நாசமாய்ப் போனவனே.

போட்டியில் உன் கட்டு இனி இறங்காது. அதில் நான் மாற மாட்டேன். ஆனால் இந்த வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் உங்கள் வீட்டுக்குப் போவேன். அவள் உன் கட்டைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கட்டும், எதிர்க் கதிரையில் நான் இருந்து விளையாடுவேன். மூலையைப் பார்க்க மாட்டேன். அவள் கதவைத் திறக்காவிட்டால், அடுத்த வெள்ளியும் போவேன்.

கோபம் ஆறாமல்,
உன் தங்கச்சிக்கு மிஞ்சியிருக்கும் நானா,
ரிஸ்வி