கூடத்துக்குள் காடு, மரத்தடியில் கணக்கு

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே நலம், என் முழங்கால்கள் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. உன்னைக் கேட்டால் நல்லா இருக்கேன்ப்பா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய், நீ கேட்டால் உன் அம்மாவும் அதையே சொல்கிறாள், இந்தக் குடும்பத்தில் உண்மையைச் சொல்ல ஒரு ஆளாவது வேண்டுமே என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அம்மாவின் தலைமையாசிரியை வேலை போன மாதம் போக இருந்தது. பதறாதே, போகவில்லை. ஆனால் முழுக் கதையும் உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் ஆரம்பித்து வைத்தவளே நீதான்.

ஒருநாள் போனில் பேச்சுவாக்கில், இந்த வாரம் முழுக்க நான் வெளியவே போகலம்மா, வேலையும் அறைக்குள்ளதான், சாப்பாடும் வாசலுக்கு வந்துடுது, ஜன்னல் திரையைக்கூட விலக்கல என்று சொன்னாயே, நீ சொன்னதோடு மறந்திருப்பாய். அவள் போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே நின்றாள். நம்ம பள்ளிக்கூடத்துலதானேங்க இவ படிச்சா, பன்னிரண்டு வருஷம் என்னத்தைச் சொல்லிக் கொடுத்தோம் என்று கேட்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அல்ஜீப்ரா என்றேன். மறுநாள் காலை ஜெபக் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டாள், மழலை வகுப்பிலிருந்து மேல் வகுப்பு வரை எல்லோரும் வாரத்தில் ஒருநாள் வெளியேதான் படிக்க வேண்டும், ஆண்டவர் படைத்ததை அவர் வைத்த இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று. மனைவி சொன்னால் மறுத்துப் பேசிப் பார்க்கலாம், தலைமையாசிரியை சொன்னால் கணக்கு வாத்தியார் என்ன பேசுவது?

மழலைகள் மைதானத்து ஓரமாகக் குப்புறப் படுத்து எறும்பு பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பீன்ஸ் பாத்தி. ஆறாம் வகுப்புக்குத் திசைகாட்டியும் வரைபடமும் கொடுத்தோம், அதில் ஒரு குழு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வழி தவறி, போதகர் ஐயா வீட்டுச் சமையலறையில் பிஸ்கட்டோடு கண்டுபிடிக்கப்பட்டது. மேல் வகுப்புக்கு மலையேற்றம், கூடாரம், அதற்கப்புறம் ஆளுக்கொரு மரத்தடியில் வேதப் புத்தகத்தோடு தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேர மௌனம். அவர்களுக்குத் துணையாக வேறு யாரும் கிடைக்காதது போல என்னை அனுப்பினாள். புல்லைக் கண்டால் தும்மல், வெயிலைக் கண்டால் தலைவலி, என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா? முதல் தடவை மௌனத்தில் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். தலை தொங்கியதைப் பார்த்த பிள்ளைகள், சார் ரொம்ப ஆழமான ஜெபத்துல இருந்தாரு என்று போதகரிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் என்னைத் தனி மரியாதையோடு பார்க்கிறார், நானும் கெடுக்கவில்லை.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நம் பள்ளியில் திங்கட்கிழமை வழக்கம் உனக்கு நினைவிருக்கும், வகுப்புக்கு ஒரு ஜெப விண்ணப்பம், எல்லாவற்றையும் சேர்த்துப் போதகர் ஒரே ஜெபமாகச் செய்வார். அந்தத் திங்களன்று மூன்றாம் வகுப்பு, எங்க பீன்ஸ் வாடுது, மழை வேணும் என்று கேட்டது. மேல் வகுப்பு, நாங்க மலைக்குப் போறோம், திரும்பி வர்ற வரைக்கும் மழை வேண்டாம் என்று கேட்டது. யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத மனுஷர் நம் போதகர், இரண்டையும் ஒரே மூச்சில் ஆண்டவர் பாதத்தில் வைத்துவிட்டார். பள்ளி மொத்தமும் இரண்டுக்கும் சேர்த்துச் சத்தமாக ஆமென் சொன்னது. உன் அம்மா மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பார்த்துப் பார்த்து அந்த மலையேற்றத்துக்குத்தான் நிர்வாகக் குழுத் தலைவர் தானும் வருகிறேன் என்று வந்து சேர்ந்தார், அதுவும் வெள்ளை வெளேரென்று புது ஷூவில். உச்சிக்குப் போய் வாயைத் திறந்து, பிரமாதமான காற்று என்று சொன்னார், அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது மழை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் ஓடியது. கயிற்றைக் கட்டித் தார்ப்பாயை இழுத்து, தலைவரை நடுவில் உட்கார வைத்து, சுற்றி நின்று பாட்டுப் பாடினார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. தலைவரின் ஒரு ஷூவை மட்டும் சேறு வாங்கிக்கொண்டது, அது இன்றுவரை கிடைக்கவில்லை. வழியெல்லாம் தும்மிக்கொண்டே இறங்கி வந்தால், பள்ளியில் ஒரு சொட்டு மழை இல்லை, பீன்ஸ் பாத்தி காய்ந்தபடி கிடக்கிறது. மூன்றாம் வகுப்பில் ஒரு குட்டி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு போதகரிடம், எங்க மழை அட்ரஸ் மாறி மலைக்குப் போயிடுச்சு, நீங்க சரியாச் சொல்லலையா என்று கேட்டாள். அவர் பதிலுக்காக இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வாரமே குழு கூடியது. சேறு போகாத சட்டைகளைப் பற்றிச் சில பெற்றோர் ஏற்கனவே மூக்கைச் சிந்தியிருந்தார்கள், தலைவர் நிஜமாகவே சிந்திக்கொண்டிருந்தார். வெளிப்புறக் கல்வி அருமையான திட்டம், எல்லா வகுப்புக்கும் தொடர வேண்டும், ஆனால் பாதுகாப்பாகக் கட்டடத்துக்கு உள்ளே நடத்த வேண்டும் என்று முடிவானது. நான் தமாஷ் பண்ணவில்லை, அப்படியேதான் தீர்மானம் போட்டார்கள். காடு மலையெல்லாம் திரையில் காட்டத் தலைவரே ஒரு ப்ரொஜெக்டர் கொடுத்தார். தீர்மானத்தை மீறினால் வேறு தலைமையாசிரியை பார்க்க வேண்டியிருக்கும் என்று கர்சீப்புக்குள்ளிருந்தே சொன்னாராம். உன் அம்மா வீட்டுக்கு வந்து ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். நானே விலகிடுறேங்க, திரையில மரத்தைக் காட்டுறதுக்கு நான் எதுக்கு என்றாள். பாப்பா, அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. பாத்திரத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

காலையில் பார்த்தால் ஆள் மாறியிருந்தாள். தலை பின்னிக்கொண்டே, ஏங்க, தீர்மானத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேத்திடலாமா என்று கேட்டாள். நம் பள்ளியில் பெரிய கூடம் ஒன்றுதானே, காலையில் ஜெபம் முடிந்ததும் பலகைத் தடுப்புகளை இழுத்து வைத்தால் அதுதான் உயர்வகுப்புகள் எல்லாவற்றுக்கும் வகுப்பறை. திரையில் படம் காட்ட வேண்டுமென்றால் தடுப்புகளை எடுக்க வேண்டும், கறுப்புத் திரைச்சீலை போட்டு இருட்டாக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பாக முறை வைத்து வெளிப்புறக் கல்வி நடத்தினால் கூடம் நாள் முழுக்க ஒழியாது. அதனால் கணக்கு, இலக்கணம், சரித்திரம், காலை ஜெபம் எல்லாம் இடமில்லாமல் மரத்தடிக்கு வந்துவிட்டன. முன்பு வாரத்தில் ஒருநாள் வெளியே இருந்த பிள்ளைகள் இப்போது வாரம் முழுக்க வெளியே இருக்கிறார்கள், கொஞ்ச நேரம் இருட்டில் போய்க் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நானும் தும்மிக்கொண்டே நிழலை அளந்து மரத்தின் உயரம் கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், இந்தப் பாடம் பிள்ளைகளுக்குப் புரிவது இதுதான் முதல் தடவை.

தலைவர் ஒருநாள் சொல்லாமல் வந்து நின்றார். கூடத்தை எட்டிப் பார்த்தார், திரையில் அருவி கொட்டுகிறது, கீழே மழலைகள் வரிசையாகத் தூங்குகிறார்கள். வெளியே வந்தார், மரத்துக்கு மரம் ஒரு வகுப்பு. என்னம்மா இது, வெளிப்புறக் கல்வியை உள்ளேதானே நடத்தச் சொன்னோம் என்றார். உன் அம்மா முகத்தைப் பால் போல வைத்துக்கொண்டு, அது உள்ளே நடக்குதுங்க ஐயா, இது கணக்கு என்றாள். அவர் என்னைப் பார்த்தார், நான் மரத்தைப் பார்த்தேன். அப்புறம் வேர்மேல் கர்சீப்பை விரித்து உட்கார்ந்து மேலே பார்த்தார். மழை வந்தா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற போதகர் அவசரமாக, அதுல நான் இப்ப தலையிடுறதே இல்லைங்க என்றார். அடுத்த கூட்டத்தில் வேறு தலைமையாசிரியை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பீன்ஸ் கூடக் காய்த்துவிட்டது, மூன்றாம் வகுப்பு இப்போது மழையை நம்பாமல் குவளையில் ஊற்றுகிறது.

இதையெல்லாம் அவள் உன்னிடம் சொல்ல மாட்டாள், நான் சொன்னதாக நீயும் காட்டிக்கொள்ளாதே. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். தினமும் சாயங்காலம் போனில் உன் ஊர் வானிலையைப் பார்க்கிறாள். நேற்று, அங்க இன்னிக்கு நல்ல வெயிலாம், நம்ம பொண்ணு வெளிய போயிருப்பாள்ல என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டடத்தை விட்டு இறக்கிவிட்டாள், உன் ஒருத்தியின் ஜன்னல் திரைதான் அவளுக்கு எட்டவில்லை. நான் சொன்ன அந்த ஆமாம் பொய்யாகாமல் பார்த்துக்கொள் கண்ணு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அதற்கு நீ முதலில் போகவும் வரவும் வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, நல்ல செருப்பாக ஒன்று வாங்கிக்கொள், வெள்ளையில் வேண்டாம்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா,
கணக்கு ஆசிரியர், வேலியோரம் மூன்றாவது மரம்.